அன்வில்லிங்

இருபத்துநான்கு என்று மைக்கில் கூப்பிட்டார்கள். நான் முப்பத்தொன்று. நடுவில் ஆறு பேர் என்று எண்ணினேன், பிறகு மறுபடி எண்ணினேன், இருபது வருஷமாகக் கணக்கு நடத்துகிறவள் ஆறு வரைக்கும் இரண்டு தடவை எண்ணலாமா என்று என்னையே கேட்டுக்கொண்டு மூன்றாம் தடவையும் எண்ணினேன், ஆறுதான், மாறவில்லை. முன்னால் வெள்ளைத் திரையில் மாவட்டத்தில் காலியாக இருக்கிற கணக்கு ஆசிரியர் இடங்கள் பட்டியலாக நிற்கின்றன. மூப்பு வரிசைப்படி ஒவ்வொருவராகக் கூப்பிடுவார்கள், மேசைக்குப் போய் ஓர் ஊரைச் சொல்ல வேண்டும், அலுவலர் அமுக்குவார், அந்த வரி மறையும், அதற்குப் பதிலாக, போனவர் விட்டுவிட்டுப் போன ஊர் பட்டியலின் அடியில் புதிதாக முளைக்கும். வருஷத்துக்கு ஒரு சனிக்கிழமை இந்த இடமாறுதல் கலந்தாய்வுக் கூத்து. நல்ல ஊர்களெல்லாம் காலை டீக்கு முன்பே போய்விட்டன. ஆனால் அரை மணி நேரத்துக்கு முன் பத்தொன்பதாம் எண் டீச்சர் தன் சொந்த ஊருக்கு மாறிப் போனாள், அவள் விட்ட இடம் கடைசி வரியாக முளைத்தது: மணிக்கூண்டுத் தெரு, அ.ம.மே.நி.ப. என்று எழுத்துக்கள் மட்டும், விரித்தால் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளி. ஒரே ஓர் இடம். என் வீட்டு வாசலில் இருந்து அந்தப் பள்ளி வாசலுக்கு நடந்தால் எட்டு நிமிஷம், என் முழங்கால் நடந்தால் பன்னிரண்டு. அதற்குப் பின் போன நால்வரும், இப்போது போகிற இருபத்துநான்கும் ஆண்கள், மகளிர் பள்ளியில் ஆண்களுக்கு இடம் கிடையாது, ஆகவே அந்த வரி அப்படியே நிற்கிறது, பஸ்ஸில் யாரோ கைக்குட்டை போட்டுப் பிடித்து வைத்த சீட்டு மாதிரி. கைக்குட்டை என்னுடையதா என்றுதான் தெரியவில்லை. இப்போது நான் இருக்கிற செவல்முடுக்குக்கு விடிகாலை ஐந்து மணி அலாரம், ஐந்தே முக்கால் பஸ், ஊருக்குப் பாதை பிரிகிற விலக்கில் இறங்கி ஷேர் ஆட்டோ, ஆட்டோ வராத நாளில் இரண்டு கிலோமீட்டர் செம்மண், பதினோரு வருஷம். இன்று காலை கிளம்பும்போது லூர்துராஜ் செருப்பைக்கூட எடுத்து வைத்தார், கல்யாணமான இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை, வைத்துவிட்டு, “ஜெசி, யோசிக்காத. யோசிச்சா நீ கெட்ட. போனதும் அமுக்கு” என்றார். டவுனுக்கு வீட்டு வாடகைப்படி கூடுதல். பஸ் காசு மிச்சம். முழங்கால் மிச்சம். எல்லாம் ஒரே பக்கமாகத்தான் சாய்கிறது, பிறகு எதற்காக நான் ஆறை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

பக்கத்து நாற்காலியில் முப்பத்திரண்டு, பரமேஸ்வரி. என்னைவிட ஆறு வயசு சின்னவள், அவள் வீடும் டவுன், அவளுக்கு வேண்டியதும் அதே வரி. இது எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும், ஆகவே இரண்டு பேரும் காலையிலிருந்து புளியோதரையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். “இன்னும் ரெண்டு வாய் டீச்சர்” என்கிறாள். போதும்மா என்கிறேன். டப்பாவை மூடுகிறாள், மூடிவிட்டுப் பெருமூச்சு விடுகிறாள், “உங்க ஸ்கூல் பிள்ளைங்களை நெனச்சாத்தான் டீச்சர் எனக்குப் பாவமா இருக்கு. நீங்க வந்துட்டா அந்த முடுக்குக்கு யாரு போவா? உங்கள மாதிரி டெடிகேஷனா யாரு இருக்கா சொல்லுங்க.” இதுவரை ஐந்து தடவை சொல்லிவிட்டாள், ஒவ்வொரு தடவையும் என் டெடிகேஷன் கொஞ்சம் பெரிதாகிக்கொண்டு வருகிறது, இப்படியே போனால் முப்பதாம் எண் வருவதற்குள் எனக்கு ஒளிவட்டம் கட்டிவிடுவாள். முன்வரிசையிலிருந்து கனகசபாபதி சார் திரும்பினார். அவருக்கு மாறுதல் ஒன்றும் வேண்டாம், ஆசிரியர் சங்கத்துக்காரர், கலந்தாய்வு நேர்மையாக நடக்கிறதா என்று பார்க்க வந்து உட்கார்ந்திருக்கிறார். “பரமேஸ்வரி, அவங்க டெடிகேஷனை அவங்க பாத்துக்கிடுவாங்க. உன் டெடிகேஷன்ல மோர் மிளகாய் இருந்தா ரெண்டு இங்க தள்ளு.” அவள் சிரிக்காமல் தள்ளினாள். அவர் ஒன்றைக் கடித்துக்கொண்டு என்னிடம், “டீச்சர், முப்பத்து மூணு வருஷ சர்வீஸ் எனக்கு. சம்பளம் போடலைன்னா எத்தனை பேர் வருவான்? ரெண்டு மாசம் வருவான். மூணாவது மாசம் நானே வரமாட்டேன். அதுல ஒளிக்கிறதுக்கு என்ன இருக்கு” என்றார். சரிதான் சார் என்றேன். “ஆனா பாருங்க, சம்பளம் வாங்குற எல்லாரும் பாடம் நடத்துறானா? அதுவும் இல்ல. அப்ப பாடம் எதனால நடக்குது?” எதனால சார் என்றேன், உண்மையாகவே தெரிந்துகொள்ளும் ஆசையில். மிளகாய்க் காம்பைக் கிள்ளிப் போட்டார். “அதான் எனக்கும் பிடிபடல. பெல் அடிக்குது, போறோம்” என்று திரும்பிக்கொண்டார். இருபத்தைந்து என்றார்கள். பெண் குரல் ஒன்று வந்தேன் சார் என்றது, நான் நாற்காலியின் நுனிக்கு வந்தேன். மேற்குக் கோடிக்காரி போல, தன் ஊர்ப்பக்கம் ஒன்றை எடுத்துக்கொண்டு போனாள். சாய்ந்து உட்கார்ந்தேன். சாய்ந்தது சந்தோஷத்தாலா, அவள் எடுத்திருந்தால் யோசிக்கிற வேலை மிச்சமாகியிருக்குமே என்ற ஏமாற்றமும் அதில் கால் பங்கு உண்டா, இதையெல்லாம் யோசிக்காதே என்றுதான் அந்த மனுஷன் செருப்பை எடுத்து வைத்தார்.

இரண்டு வரிசை பின்னால் யாரோ, “அவங்க அன்வில்லிங் குடுத்துட்டாங்களாம்” என்கிறார்கள், கோயிலில் ஏதோ கொடுத்துவிட்டு வந்ததைப் போல. எந்த ஊரும் வேண்டாம், இருக்கிற இடத்திலேயே இருந்துகொள்கிறேன் என்று எழுதிக் கொடுப்பதற்கு எங்கள் வட்டாரத்தில் அதுதான் பேர். இந்தக் கூடத்தில் எல்லாரும் அதைத் தமிழ்ச்சொல்லாகவே விழுங்கிவிட்டார்கள், எனக்குத்தான் தொண்டையில் நிற்கிறது. ஐந்தாம் வகுப்பு வரை தமிழ், அதற்கு மேல் கன்னியர் மடத்துப் பள்ளியில் ஆங்கிலம், அப்படிப் படித்ததன் பலன், எந்தச் சொல்லும் ஒரே தடவையில் உள்ளே இறங்குவதில்லை, ஒரு மொழியில் சாப்பிட்டது இன்னொரு மொழியில் ஏப்பமாக வரும். ஆங்கிலத்தில் வில் என்றால் மனசின் உறுதி, செத்த பிறகு திறக்கிற உயிலும் அதுதான், நாளைக்கு என்கிற காலமும் அதுதான், இத்தனையையும் ஒரு அன் வந்து துடைத்துவிட்டுப் போகிறது. படிவத்தில் ‘விருப்பமின்மை’ என்று போட்டிருக்கிறார்கள். விருப்பம் இருக்கப் போய்த்தானே ஒருத்தி இருக்கிற இடத்தை விடமாட்டேன் என்கிறாள், அதற்கா விருப்பமின்மை. லூர்துராஜ் வீட்டார் பெண் பார்க்க வந்த அன்றைக்கு இந்தச் சொல் எனக்குத் தெரிந்திருந்தால், சரி, வேண்டாம், பாவம், செருப்பையெல்லாம் எடுத்து வைத்திருக்கிறார். சம்பளம் என்பதே சம்பாவும் அளமும் சேர்ந்தது, நெல்லும் உப்பும் என்று எங்கள் தமிழய்யா சொன்னார், ஆங்கிலத்துச் சாலரிக்குள்ளும் உப்புத்தான் இருக்கிறது என்று சிஸ்டர் சொன்னார், இரண்டும் சரியோ தப்போ தெரியாது, உப்பளத்து ஊரில் பிறந்தவளுக்கு இரண்டு மொழியிலும் உப்பே வாய்த்தது. அர்ப்பணிப்புக்குள் என்ன இருக்கிறது என்று மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை. நாக்கில் வைத்துப் பார்த்தால் ஒன்றும் தட்டுப்படுவதில்லை. மஸ்கட்டில் எட்டு வருஷம் ஒரு தனியார் பள்ளியில் நடத்தினேன், அங்கே டெடிகேஷன் என்ற சொல் சம்பளம் தள்ளிப்போகிற மாதங்களில் மட்டும் புழக்கத்துக்கு வரும். பிரின்சிபால் எல்லாரையும் கூட்டி உட்காரவைத்து உங்கள் டெடிகேஷனை நான் மதிக்கிறேன் என்று ஆரம்பித்தால், பக்கத்தில் சூசம்மா டீச்சர் தன் மலையாளத் தமிழில் என் காதோரம், “பதினெட்டாம் தேதிக்கு முன்னே நோக்கண்டா” என்பாள், அதற்கு முன் சம்பளத்தை எதிர்பார்க்காதே என்று. ஒரு மாசமும் அவள் கணிப்புப் பிசகியதில்லை. ஆனால் அந்தக் கூட்டம் முடிந்து, கன்னம் கொதிக்க, நேராக வகுப்புக்குப் போய் நடத்திய பாடங்கள்தான் நன்றாக வந்தன, இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சம்பளம் சரியாக வந்த மாசங்களில் சுமாராகத்தான் நடத்தினேன். அப்படியானால் என்னை எது ஓட்டியது, காசும் இல்லை, அன்பும் இல்லை, வெறும் கோபமா. கோபத்தில் முக்கோணம் தெளிவாக விளங்குமோ என்னவோ. இருபத்தாறு, இருபத்தேழு, இரண்டும் ஆண்கள், வந்தார்கள், போனார்கள்.

செவல்முடுக்கில் நான் யார் என்றும் கொஞ்சம் யோசிக்க வேண்டும், யாரும் பார்க்காத இடத்தில்தானே உட்கார்ந்திருக்கிறேன், மண்டைக்குள். பள்ளியில் ஆறு ஆசிரியர்கள், கணக்குக்கு நான் ஒருத்தி. விலக்கில் இறங்கினால் டீக்கடைக்காரர் துண்டால் பெஞ்சைத் தட்டிவிடுகிறார். ஊருக்குள் நுழைந்தால் பீடி பின்பக்கம் போகிறது, வேட்டிகள் இறங்குகின்றன. முருங்கை காய்க்கிற மாசத்தில் ஒரு கட்டு, வெள்ளரி மாசத்தில் ஒரு பை. ஒரு தகப்பனார் மகளின் கல்யாண நாளையே முழுப் பரீட்சைக்குத் தக்கபடி தள்ளிவைக்க என்னிடம் கேட்டார், நான் அந்தப் பெண்ணுக்கு வயசு பதினாறுதான் என்று சத்தம் போட்டதில் கல்யாணமே மூன்று வருஷம் தள்ளிப் போனது. மணிக்கூண்டுப் பள்ளியிலோ அறுபது டீச்சர்கள். கணக்குக்கு மட்டும் எட்டுப் பேர். யார் குடையை யார் எடுத்தது என்கிற சண்டையில் நான் எட்டாவது சாட்சி. ஆக, பரமேஸ்வரி ஊதி ஊதிப் பெரிதாக்குகிற இந்த டெடிகேஷனைக் கீறிப் பார்த்தால் உள்ளே இருப்பது பெஞ்சைத் தட்டிவிடுகிற துண்டுதானோ. ராணியாக இருந்து பழகியவளுக்கு டவுனில் குடிமகளாக இருக்க மனசில்லை, அதற்குத் தொண்டு என்று பேர் வைத்துக்கொண்டு அலைகிறாளோ. இதை நேற்றே முடிவுகட்டியிருக்க வேண்டும். நேற்று வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் பத்தாம் வகுப்பில் இசக்கிப்பிரியா எழுந்து, “டீச்சர், நாளைக்குக் கலந்தாய்வாம்லா” என்றாள். யார் சொன்னா என்றேன். “ஊரே சொல்லுது.” லோகேஷ் பின்னாலிருந்து, “போவாங்க, இல்ல போகமாட்டாங்க, ரெண்டே வாய்ப்புதான டீச்சர், அப்ப நிகழ்தகவு அரை” என்றான். ஒன்பதாம் வகுப்பில் நிகழ்தகவை அவனுக்கு நடத்தியது நான்தான், நடத்திய லட்சணம். ஏல, நாளைக்கு உன் வீட்டுக்கு யானை வரும், இல்ல வராது, அதுவும் அரையா என்றேன். “எங்க வீட்டுக்கு யானை எதுக்கு டீச்சர் வருது?” அதேதான், ரெண்டு வாய்ப்பும் சமமா இருந்தாத்தான் அரை, சமமா இல்லைன்னா அரை இல்ல, எழுதிக்கோ என்றேன். எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். எழுதி முடித்து இசக்கிப்பிரியா தலையை நிமிர்த்தி, “அப்ப ஒங்களுக்கு எந்தப் பக்கம் டீச்சர் ஜாஸ்தி?” என்றாள். பாடத்தைப் பாருங்க என்றேன், பதில் தெரியாத கேள்விக்கெல்லாம் உலகத்தில் இருக்கிற அத்தனை ஆசிரியர்களும் வைத்திருக்கிற ஒரே பதில். பெல் அடித்து நான் படியிறங்கும்போது அவளே பின்னால் வந்து, “போறதுன்னா போங்க டீச்சர். படியில நீங்க கால பிடிச்சிக்கிட்டு நிக்கத நாங்க பாத்திருக்கோம். கணக்க நாங்க யூட்யூப்ல பாத்துக்கிடுவோம்” என்றாள். அனுமதி கொடுத்தாளா, அடித்தாளா. ராத்திரி முழுக்க மூட்டுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு அந்தக் கடைசி வாக்கியத்தையும் சேர்த்துத் தேய்த்தேன். யூட்யூப். பதினோரு வருஷம். யூட்யூபுக்கு லோகேஷைத் தெரியுமா, அவன் கழித்தலில் கடன் வாங்கினால் திருப்பிக் கொடுக்க மறந்துவிடுவான் என்பது யூட்யூபுக்குத் தெரியுமா.

இருபத்தெட்டு வரவில்லை. இருபத்தொன்பது பொன்னுத்துரை சார், வெள்ளைச் சட்டை, பையில் நாலு பேனா, எழுந்து போகும்போதே முடிவெடுத்துவிட்ட நடை. மேசைக்கு முன்னால் உட்கார்ந்து திரையைப் பார்த்து, “மணிக்கூண்டுத் தெரு” என்றார். அலுவலர் அமுக்கினார். ஒரு வட்டம் சுற்றியது. வரி மறைந்தது. பரமேஸ்வரியின் கை தண்ணீர் பாட்டில் மேல் அப்படியே நின்றுவிட்டது. ஆம்பளை சார் எப்படி என்று யாரோ கேட்கிறார்கள், யாரோ எழுந்து நிற்கிறார்கள், கனகசபாபதி சார் மேசையை நோக்கி வேகமாகப் போகிறார், இதெல்லாம் தண்ணீருக்குள்ளிருந்து கேட்கிற மாதிரி எனக்குக் கேட்கிறது. போய்விட்டது. எட்டு நிமிஷம் போய்விட்டது, வாடகைப்படி போய்விட்டது, லூர்துராஜிடம் என்ன சொல்வது. இந்த இடத்தில் எனக்கு அழுகை வரவேண்டும், அல்லது தப்பித்தோம் என்றாவது இருக்கவேண்டும், இரண்டில் எது வருகிறதோ அதுதான் நான் என்று கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தேன், இரண்டும் வரவில்லை, வந்தது அம்புக்குறிப் படம். திங்கட்கிழமை மூன்றாவது பீரியட், முதல் பாடம், உறவுகளும் சார்புகளும். இந்தப் பக்கம் ஒரு நீள்வட்டம், அந்தப் பக்கம் ஒரு நீள்வட்டம், இதில் இருக்கிற ஒவ்வொரு உறுப்பிலிருந்தும் ஒரே ஓர் அம்புதான் கிளம்பவேண்டும், ஒன்றிலிருந்து இரண்டு கிளம்பினால் அது சார்பு இல்லை. இதைப் புத்தகத்தில் இருக்கிற மாதிரி எழுத்துக்களை வைத்து நடத்தினால் லோகேஷ் தூங்கிவிடுவான். பஸ்ஸை வைத்து நடத்தலாம். இந்தப் பக்கம் ஆள்கள், அந்தப் பக்கம் சீட்டுகள், ஓர் ஆள் இரண்டு சீட்டில் உட்கார முடியாது, ஆனால் ஒரே சீட்டில் இரண்டு பேர் உட்காரலாமா என்று இசக்கிப்பிரியா கண்டிப்பாகக் கேட்பாள், உட்காரலாம், அது சார்புதான், மடியில் பிள்ளையை வைத்துக்கொள்கிற மாதிரி என்று சொல்லலாம், நன்றாக இருக்கிறது, மடி என்று சொன்னால் பின்பெஞ்சு சிரிக்கும், சிரிக்கட்டும், சிரித்தது மறக்காது. சீட்டு எத்தனை என்று அவர்களையே கேட்டு, அப்போதுதான் எனக்கு உறைத்தது, கூடமே கூச்சலிடுகிறது, நான் மண்டைக்குள் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன். “சார், அது மகளிர் பள்ளி” என்று அலுவலர் பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். “எங்க போட்டிருக்கு மகளிர்னு? அ.ம.ன்னா அரசு மாதிரிப் பள்ளி” என்கிறார் பொன்னுத்துரை சார், விடுகிறவராக இல்லை. உதவிக்கு வந்திருந்த ஒரு தமிழாசிரியர் ஓரத்திலிருந்து, “மாதிரின்னா துணைக்கால் வேணும் சார். துணைக்கால் இல்லாத மாதிரி எந்த மாவட்டத்துலயும் இல்ல” என்றார். அலுவலர் கண்ணாடிக்கு மேலே பார்த்து, “பொன்னுத்துரை சார், நீங்க மகளிரா?” என்றார். “இல்ல சார்.” “அப்ப வேற பாருங்க.” கூடம் சிரித்தது, அவரும் கடைசியில் சிரித்தார், வட்டம் மறுபடி சுற்றியது, வரி பழையபடி வந்து நின்றது. வரி மட்டும் வரவில்லை, கூடவே என் முழங்கால் வலியும் வந்தது. முப்பதாம் எண் சார் எந்த ஊரை எடுத்தார் என்று நான் பார்க்கவில்லை.

ஜெசிந்தா மேரி, முப்பத்தொன்று. எழுந்தேன். “உங்க மனசு எனக்குத் தெரியும் டீச்சர்” என்று பரமேஸ்வரி என் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள், தெரிந்தால் எனக்கும் கொஞ்சம் சொல்லு தாயே என்று கேட்கத் தோன்றியது. மேசையில் மெல்லப் பேசினால் கூடத்துக்குக் கேட்காது, பக்கத்தில் ஒரு நாற்காலி. அலுவலர் என் விண்ணப்பத்தைப் பார்த்தார், வீட்டு விலாசத்தைப் பார்த்தார், முகம் மலர்ந்தது, கல்யாணத் தரகருக்கு ஜாதகம் பொருந்தினால் வருகிற மலர்ச்சி. “பக்கத்துத் தெருவே நிக்குது. அமுக்கிரலாமா டீச்சர்?” விரல் ஏற்கெனவே மவுஸ் மேல் இருக்கிறது. கிட்டத்தில் பார்த்தால் திரையில் எழுத்துக்கள் பெரிதாகத் தெரிகின்றன, மணிக்கூண்டுக்கு மேலே காலையிலிருந்து யாரும் தொடாத ஊர்கள், கருங்குழி ஓடை, நடுக்காட்டுவிளை, பாலையூரணி, ஒவ்வொருவரும் வந்து அந்தப் பேர்களை வாசித்து, வாசித்ததும் உதட்டைப் பிதுக்கி, அடுத்த வரிக்குப் போனதை நான் நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டேதான் இருந்தேன், நானே உதட்டைப் பிதுக்கினேன். இப்போது நான் தலையை ஆட்டினால் மணிக்கூண்டு மறையும், அடியில் செவல்முடுக்கு என்று ஒரு வரி முளைக்கும். முப்பத்திரண்டு வாசிப்பாள், பிதுக்குவாள். முப்பத்துமூன்று பிதுக்குவாள். சாயங்காலம் கூட்டிப் பெருக்குகிற அம்மா கம்ப்யூட்டரை அணைக்கிற வரைக்கும் அந்தப் பேர் அங்கேயே நிற்கும், பந்தியில் யாரும் கை வைக்காத கூட்டு மாதிரி. ஊருக்கு இது தெரியப் போவதில்லை. இசக்கிப்பிரியாவுக்குத் தெரியப் போவதில்லை. எனக்குத்தான் தெரியும், என் ஊர்ப் பேரைப் பார்த்து இத்தனை உதடு பிதுங்குவதை நான் உட்கார்ந்து, ஆனால் நான்தான் அப்போது இங்கே இருக்கமாட்டேனே, வீட்டில் காலை நீட்டிப் படுத்திருப்பேனே, பிறகு என்ன. என் ஊரா. எப்போதிலிருந்து அது என் ஊர். இது அன்பு இல்லை, ரோஷம், சுத்தமான ரோஷம், மஸ்கட்டில் கன்னம் கொதித்ததே அதன் தங்கச்சி. “டீச்சர்?” என்றார். “அன்வில்லிங் சார்” என்றது ஒரு குரல், என்னுடையதுதான். அவர் கண்ணாடியைக் கழற்றினார். “என்னது?” மறுபடி சொன்னேன், இந்தத் தடவை தொண்டையில் நிற்காமல் வந்தது. “இது அடுத்த வருஷம் நிக்கும்னு சொல்ல முடியாது, தெரியும்ல?” தெரியும் சார். “காரணம் போடணும். குடும்பச் சூழ்நிலைன்னு போட்டுக்கிறேன், எல்லாரும் அதான் போடுவாங்க” என்று எழுத ஆரம்பித்து, விலாசத்தை மறுபடி பார்த்து நிறுத்தினார். “குடும்பம் இங்கதான இருக்கு?” ஆமா சார். “அப்ப எந்தக் குடும்பம்னு கேட்டா?” நான் பேனாவை எடுத்தேன். “சரி விடுங்க, யாரு கேக்கப் போறா” என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

பரமேஸ்வரி எதிரே வந்தாள், கண் திரையில், வரி மறையவில்லை என்பதைப் பார்த்துவிட்டாள். “எடுக்கலியா டீச்சர்?” இல்லம்மா, அன்வில்லிங் என்றேன். அவள் முகத்தில் முதலில் விளக்குப் போட்ட மாதிரி ஒரு சந்தோஷம், ஓர் ஓட்டப்பந்தயத்தில் முன்னால் ஓடியவள் தானாக விலகிக்கொண்ட சந்தோஷம், அது அரை நிமிஷம்கூட நிற்கவில்லை, பின்னாலேயே சந்தேகம் வந்து விளக்கை அணைத்தது. “ஏன் டீச்சர்?” என்று குரலைத் தாழ்த்தினாள். “அந்த எச்.எம். சரியில்லையோ?” எச்.எம். தங்கமானவங்க என்றேன். “பாத்ரூம்ல தண்ணி வராதோ?” நல்லா வருது. “அப்ப ஏன்?” பிள்ளைங்களுக்காகத்தான் என்றேன், சொல்லும்போதே வாய் கூசியது. “உங்களுக்கு ஒரே பையன், அவனும் கோயம்புத்தூர்ல இருக்கான்.” ஸ்கூல் பிள்ளைங்க பரமேஸ்வரி. அவள் சிரித்தாள், நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினாள். “கூடப் பழகுறவகிட்டயே மறைக்கிறீங்க பாத்தீங்களா” என்றாள், நிஜமாகவே வருத்தப்பட்டாள். காலையிலிருந்து ஐந்து தடவை என் டெடிகேஷனைப் பாடியவள். அலுவலர் உட்காருங்கம்மா என்றதற்கு, “சார், எனக்கு ரெண்டு நிமிஷம் குடுங்க, கொஞ்சம் விசாரிச்சுக்கிடுறேன்” என்றாள். பின்னால் முப்பத்துமூன்றாம் எண் டீச்சர் எழுந்து நின்று, “என்னவாம்? அந்த ஸ்கூல்ல என்னவாம்?” என்று பக்கத்தில் கேட்கிறாள். எனக்கு விளங்கிவிட்டது. நல்ல சாப்பாட்டை ஒருத்தி தொடாமல் எழுந்தால் அடுத்தவளுக்கு அதில் பல்லி தெரியும். பரமேஸ்வரியும் வேண்டாம் என்பாள், முப்பத்துமூன்றும் வேண்டாம் என்பாள், சாயங்காலம் வரைக்கும் மணிக்கூண்டுத் தெரு அங்கேயே நின்றுகொண்டிருக்கும், எட்டு நிமிஷத் தூரத்தில், யாருக்கும் வேண்டாமல். அப்போது நான் என்ன செய்வேன் என்பது எனக்குத் தெரியும். படியிறங்கும்போது முழங்கால் முதல் படியில் பேசும், மூன்றாவது படியில் லூர்துராஜ் போன் பண்ணுவார், அரை மணியில் நான் இதே மேசைக்கு முன்னால் வந்து நின்று, சார், ஒரு தப்பு நடந்துபோச்சு என்பேன். என் அர்ப்பணிப்பின் ஆயுள் அவ்வளவுதான். அந்த வரி போனால்தான் அது பிழைக்கும், இவள் எடுத்தால்தான் அந்த வரி போகும். பரமேஸ்வரியின் காதருகே குனிந்தேன். எனக்கு அங்க டியூஷன் இருக்கும்மா என்றேன்.

“டியூஷனா?” என்றாள், பாதிக் கூடத்துக்குக் கேட்டது, முகத்தில் விளக்கு மெல்ல எரிய ஆரம்பித்தது. ஆமா, ஸ்கூல் விட்டு அங்கேயே எடுக்கேன், விட்டுட்டு வர முடியல. “மாசம்?” எட்டு என்றுதான் சொல்ல நினைத்தேன், கடைசி நொடியில் ஏதோ ஒரு கௌரவம் வந்து இடித்தது, பன்னிரண்டாயிரம் என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள், மன்னித்துவிட்டாள், பழைய பரமேஸ்வரியாகிவிட்டாள். “அதானே பாத்தேன். முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா டீச்சர், நான் என்னென்னமோ நெனச்சுட்டேன்” என்று போய் நாற்காலியில் உட்கார்ந்து, தெளிவான குரலில் மணிக்கூண்டுத் தெரு என்றாள். வட்டம் சுற்றியது. வரி மறைந்தது. முப்பத்துமூன்றாம் எண் என்னை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தாள், அந்தப் பார்வையில் குற்றம் இல்லை, மரியாதைதான் இருந்தது, பதினோரு வருஷ சர்வீஸில் சக ஆசிரியரிடமிருந்து எனக்குக் கிடைத்த முதல் முழு மரியாதை. வாசலில் கனகசபாபதி சார் என்னை ஓரமாக நிறுத்தினார். “டீச்சர், இதையெல்லாமா கூட்டத்துல சொல்றது. கவர்மெண்ட் வாத்தியார் டியூஷன் எடுத்தா மெமோ குடுப்பான், நாளைக்கு நான்தான் வந்து நிக்கணும்” என்றார், சொல்லிவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்து, “எத்தனை பிள்ளைங்க வருது?” என்றார். மொத்த வகுப்புமே சார், இருபத்துமூணு என்றேன். உதட்டுக்குள்ளேயே ஏதோ கணக்குப் போட்டுத் தலையை ஆட்டினார், திருப்தியாகத்தான் ஆட்டினார். நான் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். மூன்றாவது படியில் போன் அடித்தது, பையைத் திறக்கவில்லை, மனசு வேறு வேலையில் இருந்தது, அது பாட்டுக்கு வகுத்துக்கொண்டிருந்தது, பன்னிரண்டாயிரத்தை இருபத்துமூன்றால், ஆளுக்கு ஐந்நூற்று இருபத்தொன்று, மீதி பதினேழு. செவல்முடுக்கில் எவன் ஐந்நூற்று இருபத்தொரு ரூபாய் ஃபீஸ் வைப்பான், கணக்கு டீச்சர் சொல்கிற பொய்யா இது. பதினொன்றரை என்று சொல்லியிருக்க வேண்டும். ஆளுக்கு ஐந்நூறு, மீதியில்லாமல் போயிருக்கும்.